70 பெட்டிகளுக்கு மேல் கூடாது: அரிசோனா ரயில் நீள வழக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வழக்கு எதைப் பற்றியது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1912ஆம் ஆண்டு மே 16 அன்று ஒரு சட்டம் இயற்றியது. தன் எல்லைக்குள் ஓடும் பயணிகள் ரயிலில் 14 பெட்டிகளுக்கு மேலும், சரக்கு ரயிலில் 70 பெட்டிகளுக்கு மேலும் இருக்கக்கூடாது; மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் அபராதம் செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். 1940இல், அளவுக்கு மீறிய பெட்டிகளுடன் ஒரு பயணிகள் ரயிலையும் ஒரு சரக்கு ரயிலையும் ஓட்டியதற்காக, சதர்ன் பசிபிக் என்ற ரயில் நிறுவனத்திடம் அபராதம் கேட்டு மாநிலம் வழக்குத் தொடுத்தது. ரயில்களை ஓட்டியதை நிறுவனம் மறுக்கவே இல்லை. மாறாக, இப்படி ஒரு சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1945ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

இரண்டே ரயில்களுக்கான அபராத வழக்கு இது. தொகை எவருக்கும் பெரிதல்ல. ஆனால் மாநிலங்களின் பாதுகாப்புச் சட்டங்களை நீதிபதிகள் எந்த அளவுக்குக் கிளறிப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு இன்றுவரை இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

1912இல் அரிசோனாவுக்கு இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது?

அரிசோனா தனி மாநிலமாக ஆனதே அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்றுதான். அதற்கு முன் அது மத்திய அரசின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதி. செப்புச் சுரங்கங்களும் ரயில் பாதைகளுமே அங்கே பொருளாதாரத்தின் முதுகெலும்பாக இருந்தன. ஆகவே தொழிற்சங்கங்களுக்கும் செல்வாக்கு மிகுதி. புதிய மாநிலத்தின் அரசமைப்பு, சட்டங்களை மக்கள் வாக்கெடுப்புக்கு விடும் வழியையும் திறந்து வைத்திருந்தது.

முதல் சட்டமன்றம் கூடியதுமே ரயில் பாதுகாப்பு தொடர்பாகப் பல நடவடிக்கைகளை எடுத்தது. இன்ஜின்களில் ஒளி மிகுந்த மின்விளக்கு பொருத்த வேண்டும் என்பது ஒன்று. தகுந்த அனுபவம் இல்லாதவரை இன்ஜின் ஓட்டுநராகவோ ரயில் நடத்துநராகவோ நியமிக்கக்கூடாது என்பது இன்னொன்று. ரயிலின் நீளத்துக்கு வரம்பு விதித்தது மூன்றாவது. இவை மக்களின் வாக்குக்கு விடப்பட்டன, மக்களும் ஆதரித்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏதோ ஓர் அதிகாரி மேசையில் அமர்ந்து வகுத்த விதியல்ல இது. அந்த மாநிலத்து வாக்காளர்கள் நேரடியாக ஒப்புதல் தந்த சட்டம்.

ரயில் நீளமாக இருந்தால் ஆபத்து எப்படி வரும்?

வழக்கின் உயிர்நாடியே இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். ரயில் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்குகள் இறுக்கமாகப் பூட்டப்படுவதில்லை. வேண்டுமென்றே சற்றுத் தளர்வாக விடப்படுகின்றன. அப்படி விட்டால்தான் வளைவுகளில் ரயில் தடையின்றித் திரும்பும். அத்துடன், பாரம் ஏற்றிய ரயிலைக் கிளப்பும்போது மொத்த எடையையும் இன்ஜின் ஒரே மூச்சில் இழுக்க வேண்டியதில்லை. முதல் பெட்டி நகர்ந்து, அது இரண்டாவதை இழுத்து, அது மூன்றாவதை இழுத்து, இப்படி ஒவ்வொன்றாக நகரத் தொடங்கும்.

இந்தத் தளர்வு ஒரு கப்ளிங்குக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம்தான். ஆனால் அதிர்ச்சியைத் தாங்கும் கருவியும் சேர்ந்திருப்பதால், அழுத்தம் வரும்போது இரு பெட்டிகளுக்கு இடையிலான ஆட்டம் ஆறு, ஏழு அங்குலம் வரை போகலாம் என்று நீதிமன்றப் பதிவு சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 70 பெட்டிகளுக்கு ஏழு அங்குலம் வீதம் ஏறக்குறைய 40 அடி, 150 பெட்டிகள் என்றால் 85 அடிக்கும் மேல். ஓட்டுநர் பிரேக் போடுகிறார். முன்பெட்டிகள் வேகம் குறைகின்றன. பின்பெட்டிகளோ அந்த இடைவெளி தீரும்வரை ஓடிவந்து மோதுகின்றன. அந்த மோதல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து, கடைசியில் நிற்பவனைத்தான் பலமாகத் தாக்கும்.

அந்தக் கடைசி இடத்தில், கார்டு வேனில், மனிதர்கள் இருந்தார்கள். அக்கால அமெரிக்கச் சரக்கு ரயில்களில் நடத்துநரும் பின்பக்கப் பிரேக் ஊழியரும் அங்கேதான் பயணம் செய்தனர். திடீர்க் குலுக்கலில் தூக்கி எறியப்பட்டுக் காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வேனில் இருந்தவர்களே என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஒப்புக்கொள்கிறது. ஆகவே ஆபத்து கற்பனை என்று எவரும் சொல்லவில்லை. அதன் அளவு என்ன, அதைக் குறைக்க இந்தச் சட்டம் உதவியதா என்பதில்தான் தகராறு.

ரயில் நிறுவனத்துக்கு இதனால் என்ன இழப்பு?

சதர்ன் பசிபிக், சாண்டா ஃபே ஆகிய இரு நிறுவனங்களின் பாதைகள் அரிசோனாவைக் குறுக்காகக் கடந்தன. சட்டத்துக்குக் கட்டுப்பட்டதால் இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் கூடுதல் செலவு என்று விசாரணை நீதிமன்றம் கண்டது. தேவையானதைவிட 30 சதவீதத்துக்கும் அதிகமான ரயில்களை அரிசோனாவில் சதர்ன் பசிபிக் ஓட்ட வேண்டியிருந்தது. ரயில்களின் எண்ணிக்கை கூடினால் இன்ஜின்களும் ஆட்களும் கூடுதலாக வேண்டும். யார்டுகளில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் நேரமும் வீணாகும்.

ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனத்திடம் வசதியான சான்று ஒன்று இருந்தது. யூட்டா, நெவாடா வழியாகச் செல்லும் அதன் இன்னொரு பாதையில் இத்தகைய வரம்பு இல்லை. 1939இல் அங்கே ஓடிய சரக்கு ரயில்களில் 66 முதல் 85 சதவீதம் வரை 70 பெட்டிகளைத் தாண்டியவை. நாட்டின் சில பாதைகளில் 125 முதல் 160 பெட்டிகள் வரை கோத்த சரக்கு ரயில்களும் ஓடிக்கொண்டிருந்தன.

அரிசோனாவின் சட்டம் அரிசோனாவுக்குள் மட்டும்தானே செல்லும்?

எழுத்தில் அப்படித்தான். நடைமுறையில் அப்படி இல்லை. இந்த வழக்கில் மாநிலத்தின் வாதத்தை மிகவும் பலவீனப்படுத்திய உண்மை இதுவே என்பது என் கருத்து.

பாலைவனத்தின் நடுவே, மாநில எல்லைக் கோட்டின்மேல் ரயிலை நிறுத்திப் பெட்டிகளைக் கழற்ற முடியாது. அதற்கு யார்டு வேண்டும், ஷன்டிங் இன்ஜின் வேண்டும், ஆட்கள் வேண்டும். எனவே மேற்கே கலிபோர்னியா எல்லையிலும், கிழக்கே நியூ மெக்சிகோவுக்குள் எல்லையிலிருந்து சற்றுத் தள்ளியும் சரக்கு ரயில்களைப் பிரித்துக் கோத்தார்கள். பல சமயங்களில் அதுவும் கட்டுப்படியாகாததால், டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள எல் பாசோ வரைக்கும் அரிசோனாவின் வரம்பே ரயிலின் நீளத்தைத் தீர்மானித்தது. பயணிகள் ரயில்களைப் பொறுத்தவரை, லாஸ் ஏஞ்சலஸ் தொடங்கி எல் பாசோ முடிய அரிசோனாவின் 14 பெட்டிக் கணக்கே பெரும்பாலும் செல்லுபடியானது. கலிபோர்னியா வாக்காளரோ டெக்சாஸ் வாக்காளரோ இந்தச் சட்டத்துக்கு வாக்களித்ததில்லை. ஆனாலும் அவர்கள் ஊரில் ரயில் எத்தனை பெட்டியுடன் கிளம்ப வேண்டும் என்பதை அது முடிவு செய்தது.

அரிசோனாவில் ஓடிய சரக்குப் போக்குவரத்தில் ஏறத்தாழ 93 சதவீதமும், பயணிகள் போக்குவரத்தில் 95 சதவீதமும் பிற மாநிலங்களோடு தொடர்புடையவை. அதாவது, பெரும்பாலான சுமை வெளியூர்க்காரர் தலையில் விழுந்தது.

அமெரிக்க அரசமைப்பில் இதைத் தடுக்கும் விதி எங்கே இருக்கிறது?

வெளிப்படையாக எங்கும் இல்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அரசமைப்பின் முதல் உறுப்பு வழங்குகிறது. காங்கிரஸ் சட்டம் இயற்றினால் மாநிலச் சட்டம் வழிவிட வேண்டும், அதில் ஐயமில்லை. காங்கிரஸ் வாய் திறக்காமல் இருந்தால் என்ன? அந்த மௌனத்திலும் ஒரு தடை அடங்கியிருக்கிறது, தேசம் முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டிய விஷயங்களில் மாநிலங்கள் தன்னிச்சையாகத் தலையிடக்கூடாது என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லி வந்துள்ளது. 1852இல் ஃபிலடெல்ஃபியா துறைமுகத்தின் கப்பல் வழிகாட்டிகள் தொடர்பான வழக்கில் இந்தக் கருத்து தெளிவான உருவம் பெற்றது. உறங்கிக் கிடக்கும் அதிகாரம் என்ற பொருளில் இதற்குப் பின்னாளில் ஒரு பெயரும் வந்தது.

மறுபக்கத்தில், மக்களின் உயிரையும் உடல்நலத்தையும் காக்கும் பொது அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. அமெரிக்கச் சட்ட வழக்கில் இதைப் ‘போலீஸ் அதிகாரம்’ என்றே அழைக்கிறார்கள். காவல் நிலையத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அரிசோனா சாய்ந்து நின்றது இந்தத் தூணில்தான்.

இதற்கு முன்பு இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருந்தன?

இரண்டு பக்கமும் சொல்லியிருந்தன. ரயிலில் குறைந்தபட்சம் இத்தனை ஊழியர் இருக்க வேண்டும் என்று ஆர்கன்சா மாநிலம் இயற்றிய சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1911, 1916, 1931 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை ஏற்றுக்கொண்டது. இன்ஜின் முகப்பு விளக்கு பற்றிய ஜார்ஜியா மாநிலச் சட்டமும் 1914இல் தப்பியது.

ஆனால் அதே ஜார்ஜியாவின் இன்னொரு சட்டம் 1917இல் வீழ்ந்தது. ஒவ்வொரு லெவல் கிராசிங்கிலும் ரயில் நின்றுவிடக்கூடிய அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அட்லாண்டாவிலிருந்து மாநில எல்லை வரை 123 மைல். வழியில் 124 கிராசிங்குகள். நாலரை மணி நேரப் பயணம், சட்டத்தை மதித்தால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மைலுக்கு ஒரு முறை கிட்டத்தட்ட நின்று போகும் ரயிலை எவராலும் நியாயப்படுத்த முடியவில்லை.

ரயில் நீளச் சட்டமும் புதிதாக நீதிமன்றம் ஏறியதல்ல. அரிசோனா சட்டத்தை எதிர்த்து ரயில் நிறுவனங்கள் முன்பே தொடுத்த வழக்கு, 1933இல் சட்டம் சரியா தவறா என்ற கேள்வியைத் தொடாமலே முடிந்துபோனது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் மாறிவிட்டார். அவருக்குப் பதிலாகப் புதியவரைப் பிரதிவாதியாகச் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நெவாடாவின் இதேபோன்ற சட்டமோ 1937இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் செல்லாததாகியது. 1945இல் 70 பெட்டி வரம்பைச் சட்டமாக வைத்திருந்தவை அரிசோனா, ஓக்லஹோமா என்ற இரண்டே மாநிலங்கள்.

கீழ் நீதிமன்றங்கள் எப்படித் தீர்ப்பளித்தன?

விசாரணை நீதிமன்றத்தில் ஜூரி இல்லை. நீதிபதி ஒருவரே ஐந்தரை மாதங்கள் சாட்சியம் கேட்டார். அச்சிட்ட பதிவு மட்டும் சுமார் 3,000 பக்கங்கள். ரயில்களைக் குட்டையாக்கியதால் பாதுகாப்பு கூடவில்லை. ரயில்களின் எண்ணிக்கை கூடியதால் விபத்துகள்தான் கூடின என்று முடிவுக்கு வந்து, நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அரிசோனா உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. விசாரணை நீதிபதி கண்ட உண்மைகளை அது மறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் ஓரளவு நியாயமான தொடர்பு இருந்தால் போதும். அந்தத் தொடர்பு இருக்கிறதா என்று முடிவு செய்யும் பொறுப்பு சட்டமன்றத்துடையது, நீதிமன்றத்துடையதல்ல என்பது அதன் நிலை. ஆகவே வாஷிங்டனுக்கு வழக்கு போனபோது, உண்மைகள் ஒருபுறமும் அவற்றை எடைபோடும் உரிமை இன்னொருபுறமுமாகப் பிரிந்து நின்றன.

போர்க்காலத்திலும் இந்த வரம்பு அமலில் இருந்ததா?

இல்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையம் 1942ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று பிறப்பித்த உத்தரவு, போர் முடியும்வரை ரயில் நீளச் சட்டங்களை நிறுத்தி வைத்தது. படைகளும் தளவாடங்களும் மேற்குக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆனால் வழக்குக்குக் காரணமான ரயில்கள் அதற்கு முன்பே ஓடியவை என்பதால், 1940இல் சட்டம் செல்லுபடியாகியதா என்ற கேள்வி அப்படியே நின்றது.

உச்ச நீதிமன்றம் எந்த அடிப்படையில் சட்டத்தைத் தள்ளியது?

தலைமை நீதிபதி ஹார்லன் ஃபிஸ்க் ஸ்டோன் எழுதிய தீர்ப்பு ஒரு தராசைத் தூக்கிப் பிடிக்கிறது. ஒரு தட்டில், மாநிலத்துக்கு இச்சட்டத்தால் கிடைக்கும் பாதுகாப்பு. மறு தட்டில், நாடு தழுவிய ரயில் போக்குவரத்தின் மேல் அது ஏற்றும் சுமை.

சுமைத் தட்டில் மேலே சொன்ன செலவும் தாமதமும் மட்டுமல்ல, ஒரு தர்க்கமும் ஏறியது. ஒரு மாநிலம் 70 என்று சொல்லலாம் என்றால், அடுத்த மாநிலம் 60 என்றும், அதற்கடுத்தது 85 என்றும் சொல்லலாம். கண்டத்தைக் கடக்கும் ரயில் ஒவ்வோர் எல்லையிலும் உடல் சுருங்கியும் நீண்டும் போக வேண்டும். இல்லையேல் வழியில் உள்ள மாநிலங்களிலேயே மிகக் கடுமையான வரம்பு எதுவோ அதுவே எல்லாருக்கும் சட்டமாகிவிடும். நீளத்துக்கு வரம்பு வேண்டுமென்றால் அதைக் காங்கிரஸ்தான் நாடு முழுவதற்கும் ஒரே சீராக விதிக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

பாதுகாப்புத் தட்டில் வைக்க அதிகம் எதுவும் இல்லை என்று ஸ்டோன் கருதினார். கட்டுப்பாடற்ற நெவாடாவையும் கட்டுப்பாடுள்ள அரிசோனாவையும் ஒப்பிட்டபோது, ஏறத்தாழ ஒரே அளவு போக்குவரத்துக்கு, பெட்டிக் குலுக்கலால் நேரும் விபத்துகள் விகிதத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ரயில்கள் கூடக்கூட, லெவல் கிராசிங்கில் வாகனங்களும் மனிதர்களும் அடிபடுவதும், ரயிலோடு ரயில் மோதுவதும் பெருகின. எனவே சட்டம் தந்த பாதுகாப்பு ஐயத்துக்கிடமான, மிகச் சிறிய அளவினது என்பது பெரும்பான்மையின் முடிவு.

அந்தப் பாதுகாப்புக் கணக்கு சரியானதுதானா?

எண்ணிக்கையில் சரியாக இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. பிரித்துக் கோத்த ரயில்களால் கிராசிங்கில் அடிபடுபவர் ஒரு கார் ஓட்டி. நீண்ட ரயிலின் வாலில் தூக்கி எறியப்படுபவர் ஒரு ரயில் ஊழியர். இருவரையும் ஒரே தொகையில் கூட்டி, ‘மொத்தத்தில் விபத்து குறையவில்லை’ என்று சொல்லும்போது, ஆபத்து ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறியது என்ற செய்தி அந்தக் கூட்டுத்தொகைக்குள் மறைந்துவிடுகிறது. கார் ஓட்டி கிராசிங்கில் நின்று இருபுறமும் பார்க்கலாம். கார்டு வேனில் இருப்பவர், முன்னால் ஒரு மைல் தூரத்தில் எப்போது பிரேக் விழும் என்று அறிய வழியில்லை. யாருடைய ஆபத்தை முதலில் குறைப்பது என்பது கணக்கல்ல, தேர்வு. அந்தத் தேர்வைச் செய்ய வேண்டியவர் நீதிபதியா என்பதே மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் கேட்ட கேள்வி.

மாறுபட்ட தீர்ப்பில் என்ன இருந்தது?

எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். ஆபத்து உண்டா இல்லையா என்று ஒரு விசாரணை நீதிபதி மாதக்கணக்கில் சாட்சியம் கேட்டு முடிவு செய்ததையே அவர் கேலியோடு நோக்கினார். சட்டமன்றம் செய்ய வேண்டிய வேலையை நீதிமன்றம் மறுபடியும் செய்கிறது, மேல் சட்டமன்றமாகவே தன்னை ஆக்கிக்கொள்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ரயிலின் நீளத்தைக் கட்டுப்படுத்துவது பொதுக்கொள்கை சார்ந்த முடிவு. அதைக் காங்கிரஸ் எடுக்கலாம், மாநிலம் எடுக்கலாம். தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் எடுக்கக்கூடாது என்றார். ஊழியரின் உயிருக்கும் உடலுக்கும் நேரும் சேதத்தை நிறுவனத்தின் செலவுக் கணக்கோடு ஒரே தராசில் வைப்பதும் அவருக்கு ஒப்பவில்லை.

நீதிபதி வில்லியம் டக்ளஸ் தனியாகச் சுருக்கமாக மாறுபட்டார். வெளிமாநில வணிகத்துக்கு எதிராகப் பாரபட்சம் காட்டினாலோ, காங்கிரஸ் இயற்றிய சட்டத்தோடு முரண்பட்டாலோ ஒழிய மாநிலச் சட்டத்தில் நீதிமன்றம் கை வைக்கக்கூடாது என்பது அவருடைய பார்வை. பெரும்பான்மைப் பக்கம் நின்றவர்களில் வைலி ரட்லெட்ஜ் முடிவோடு மட்டும் உடன்பட்டார், காரணங்களில் சேரவில்லை.

காங்கிரஸ் ஏன் இதைத் தானே முடித்து வைக்கவில்லை?

முயன்றது. நாடு முழுவதும் சரக்கு ரயில்களை 70 பெட்டிக்குள் நிறுத்தும் மசோதா ஒன்று 1937இல் செனட்டில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறவில்லை. இரு தரப்பும் இந்த நிகழ்வைத் தமக்குச் சாதகமாகப் படித்தன. தேசிய அளவில் வரம்பு வேண்டாம் என்று காங்கிரஸ் கருதியதற்கு இது சான்று என்றது ஒரு தரப்பு. விஷயம் மாநிலங்களின் கையில்தான் இருக்கிறது என்பதைக் காங்கிரஸ் அறிந்தே விட்டுவைத்தது என்றது மறு தரப்பு. நிறைவேறாத ஒரு மசோதாவிலிருந்து எவரும் உறுதியாக எதையும் பிழிந்தெடுக்க முடியாது.

சாலைகளில் லாரிகளுக்கு மாநிலங்கள் வரம்பு விதிக்கலாம் என்றால், ரயிலுக்கு மட்டும் ஏன் கூடாது?

இதே ஸ்டோன் 1938இல் தென் கரோலினாவின் லாரிச் சட்டத்தை ஏற்றுத் தீர்ப்பு எழுதியவர். லாரியின் அகலம் 90 அங்குலத்துக்கும், எடை 20,000 பவுண்டுக்கும் மேல் போகக்கூடாது என்ற அந்தச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களின் சட்டங்களைவிடக் கடுமையானது. ஆயினும் அது தப்பியது. ஏழே ஆண்டுகளில் அவர் தடம் மாறிவிட்டாரா?

அவர் தந்த விளக்கம்: சாலையைப் போடுவதும் பராமரிப்பதும் மாநிலம், அது தன் சொத்து. ரயில் பாதையோ நிறுவனத்தின் சொத்து, மாநிலத்தின் பணம் அதில் இல்லை. மேலும், லாரிச் சட்டம் உள்ளூர் லாரிக்காரரையும் வெளியூர்க்காரரையும் ஒரே மாதிரி நெருக்கும்; உள்ளூர்க்காரர் சட்டமன்றத்தில் எதிர்ப்புக் குரல் எழுப்புவார். சுமை முழுவதும் மாநிலத்துக்கு வெளியே விழுந்தால் அப்படிக் குரல் கொடுக்க உள்ளே ஆள் இருக்காது. முதல் காரணம் சற்று இழுத்துப் பிடித்ததாகவே எனக்குப் படுகிறது. இரண்டாவதில் வலு உண்டு.

பிறகு மாநிலங்களால் ரயில்களை ஒழுங்குபடுத்தவே முடியாமல் போனதா?

அப்படி இல்லை. 1968இல் ஆர்கன்சாவின் ஊழியர் எண்ணிக்கைச் சட்டங்கள் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. 1907, 1913 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் அவை. டீசல் இன்ஜின் காலத்தில் அவற்றுக்கு வேலையில்லை என்று நிறுவனங்கள் வாதிட்டன. நீதிமன்றம் சட்டங்களை ஏற்றுக்கொண்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? 23 ஆண்டுகளுக்கு முன் மாறுபட்டு நின்ற அதே ஹியூகோ பிளாக். பாதுகாப்பின் மதிப்பையும் செலவையும் எடைபோடுவது சட்டமன்றத்தின் வேலை என்ற தம் பழைய வாதத்தை, இம்முறை நீதிமன்றத்தின் குரலாகவே அவர் பதிவு செய்தார்.

பிற்காலச் சட்டத்தில் இந்தத் தீர்ப்பின் தடம் எங்கே தெரிகிறது?

லாரிகளில். பின்சக்கர மட்கார்டு வளைவாக இருக்க வேண்டும் என்று இல்லினாய் மாநிலம் சொன்னது. ஆர்கன்சா நேரானதைக் கேட்டது. எல்லையில் மட்கார்டைக் கழற்றி மாட்டுவது நடக்கிற காரியமா? 1959இல் இல்லினாய் சட்டம் வீழ்ந்தது. 65 அடி நீள இரட்டை டிரெய்லர் லாரிகளைத் தடுத்த ஐயோவா மாநிலச் சட்டம் 1981இல் வீழ்ந்தது. எல்லையில் ரயிலைப் பிரிக்கும் அரிசோனாக் காட்சியின் சாயலை இரண்டிலும் காணலாம்.

1970இல் அரிசோனாவே மீண்டும் தோற்றது, இம்முறை முலாம்பழத்தால். தன் மண்ணில் விளைந்த பழத்தைத் தன் எல்லைக்குள்ளேயே பெட்டியில் அடைக்க வேண்டும் என்று அது ஒரு விவசாய நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தியது. சுமை, உள்ளூர்ப் பயனைவிடத் தெளிவாக மிஞ்சினால் சட்டம் செல்லாது என்ற அளவுகோலை அந்த வழக்கில் நீதிமன்றம் வகுத்தது. இன்றும் பயன்படுவது அதுவே. 2023இல் பன்றி இறைச்சி தொடர்பான கலிபோர்னியச் சட்டத்தை ஏற்றபோது நீதிமன்றம் இந்தத் தராசின் மேல் நிறையவே ஐயம் காட்டியது. ஆயினும் ரயில், லாரி போன்ற போக்குவரத்துச் சாதனங்களைத் தனி வகையாகவே அது குறிப்பிட்டது.

இன்று அமெரிக்காவில் ரயில் நீளத்துக்கு வரம்பு உண்டா?

காங்கிரஸ்தான் விதிக்க வேண்டும் என்று 1945இல் சொல்லப்பட்ட அந்தத் தேசிய வரம்பு இன்றுவரை வரவில்லை. சரக்கு ரயில்கள் நீண்டுகொண்டே போகின்றன. மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2019இல் வெளியிட்ட அறிக்கையில், இரண்டு பெரிய நிறுவனங்களின் சராசரி ரயில் நீளம் 2008 முதல் சுமார் 25 சதவீதம் கூடி, 2017இல் 1.2 மைல், 1.4 மைல் என ஆகியிருந்தது. மூன்று மைல் நீள ரயில்களும் ஓடுகின்றன. கார்டு வேன் பெரும்பாலான ரயில்களிலிருந்து 1980களிலேயே மறையத் தொடங்கிவிட்டது. அதன் இடத்தில், பிரேக் குழாயின் அழுத்தத்தை இன்ஜினுக்குச் சொல்லும் ஒரு சிறு கருவி தொங்குகிறது.

ஆகவே தகராறு வாலிலிருந்து கிராசிங்குக்கு இடம் மாறிவிட்டது. நீண்ட ரயில் நின்றுவிட்டால் ஊரே இரண்டாகப் பிரிகிறது. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் மறுபக்கம் போக வழியில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் கிராசிங்கை மறிக்கக்கூடாது என்ற ஒஹாயோ மாநிலச் சட்டத்தின்படி ஒரு ரயில் நிறுவனத்தின் மேல் வழக்குப் போடப்பட்டது. கூட்டாட்சிச் சட்டம் இந்த இடத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டதால் மாநிலச் சட்டம் செல்லாது என்று 2022இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மாநிலம் வாஷிங்டனுக்கு மேல்முறையீடு செய்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. ஒரு கிராசிங்கை ரயில் எத்தனை நிமிடம் மறிக்கலாம் என்று சொல்லும் கூட்டாட்சி விதி எதுவும் இன்னும் இல்லை.